போட்டுக்கொண்டால் நல்லது

தொழிலில் எல்லோரும் அவரைக் கயிறு என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் லிஃப்டைத் தாங்குகிற இரும்புக் கயிற்றைத்தான் பார்ப்பார். அதில் ஒட்டிக்கொண்ட பெயர். முட்டி தேய்ந்து, இடுப்பு பிடித்துக்கொண்ட வயதிலும் லீவு என்று ஒன்று போட்டதில்லை.

மகள்தான் பிடிவாதம் பிடித்து டிக்கெட் எடுத்துவிட்டாள். மழையும் வெயிலும் கொசுவுமாக எங்கோ ஒரு தீவு. அப்பாவும் அம்மாவும் ஒரு வாரம் சும்மா கிடந்துவிட்டு வரவேண்டுமாம். அவர் மனைவிக்குச் சலவைக்கடையில் வேலை, நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி. டிக்கெட் வந்த கையோடு டாக்டரிடம் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"டைபாய்டுக்கும் மஞ்சள்காமாலைக்கும் ஊசி போட்டுக்கிட்டா நல்லதாம். சீக்கிரமே போடணுமாம், உடம்புல பிடிக்க நாளாகுமாம்."

"நல்லதுன்னுதானே சொன்னாங்க? கட்டாயம்னு சொல்லலையே?"

இந்த வாரம் வேலை இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். ஊசிக்குப் பயமெல்லாம் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் மறுபடி மாட்ட மனசு வராது. அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் அவள் வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டே கேட்டாள். "நாளைக்காவது போவோமா?"

"எனக்குத்தான் டைபாய்டு ஒருதடவை வந்துட்டுப் போயிடுச்சே."

"வந்தவங்களுக்கும் வருமாம். கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"இப்ப உடம்பு நல்லாத்தானே ஓடுது? அதை எதுக்குப் போய் நோண்டணும்?"

அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை. "கயிறு மாத்தினா நல்லதுன்னு நீங்க சொன்னப்ப, அந்த அடுக்குமாடிச் செயலாளரும் இதைத்தானே சொன்னாரு? வீட்டுக்கு வந்து அந்தாளை என்ன திட்டு திட்டுனீங்க! இப்ப அவரு சட்டையை நீங்க மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

இதற்குப் பதில் அவள் அவரை ஓர் அறை விட்டிருக்கலாம். "மனுஷனும் லிஃப்டும் ஒண்ணாடி?" என்று முனகினார்.

"லிஃப்ட் நின்னா நீங்க போவீங்க. நீங்க படுத்தா யாரு வருவா? அந்த டைபாய்டு வந்தப்ப உங்க கட்டிலுக்குக் கீழ தரையில கிடந்தேன். பகல்ல இஸ்திரி, ராத்திரி உங்க நெத்திக்கு ஈரத்துணி. வயசு இருந்துச்சு, செஞ்சேன். இனிமே முடியாதுங்க. நான் அங்க போறதே கொஞ்சம் உட்கார்றதுக்கு. அங்கயும் உங்க தலைமாட்டுல நிக்கணும்னா எனக்கு அந்த டிக்கெட்டே வேண்டாம். மககிட்ட சொல்லிடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கயிறும் எகிறியிருப்பார். துணியில் கறை போகவில்லை என்பதுபோல அவள் சாதாரணமாகச் சொன்னாள். காலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவர் ஊசிக்குப் போவதாகச் சொல்லி, வேலைக் கூட்டாளியிடம் லிஃப்ட் அறைச் சாவியைக் கொடுத்தார்.

"அண்ணே, ஊசி போட்டா கையைத் தூக்க முடியாதே. நாளைக்கு எப்படி மேல ஏறுவீங்க?"

"நான் ஏறல. நீ ஏறு."

நேரே சலவைக்கடை வாசலில் போய் நின்றார். ஆவிக்குள்ளிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. ஊசிக்குக் கிளம்பு."

இருவருக்கும் கைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டு, மயக்கம் கியக்கம் வருகிறதா பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றாள் நர்ஸ். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்ததுதான் தாமதம், மனைவியின் தலை அவர் தோளில் சாய்ந்தது. சரியாக அவருக்கு ஊசி குத்திய இடத்தில். விண்ணென்று வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

நர்ஸ் வந்தாள். "நீங்க கிளம்பலாம் சார்."

"கொஞ்சம் இருக்கட்டும்மா."

நர்ஸ் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "இவங்களுக்கு மயக்கமா?"

"இல்லம்மா," என்றார் கயிறு. "அசதி."