பெரட்டில் கடைசிப் பெயர்

ஆணுக்கு வயதானால் குரல் மெலிந்து மேலே ஏறுகிறது. பெண்ணுக்குத் தடித்துக் கீழே இறங்குகிறது. இதை எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஜப்பான்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்பு, மலாயாவில் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டில் இருந்துகொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கண்டுபிடித்தோம்.

அவர் கங்காணி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது அவர் வேலை. கூப்பிட்டவர் ‘இருக்கேன்’ என்றால் பக்கத்தில் நிற்கும் கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டில் கோடு போடுவார். பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. கடைசிப் பெயர் என் வீட்டுக்காரருடையது. தன்னைத் தானே கூப்பிட்டு, ‘இருக்கேன்’ என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். தினமும் நடக்கும், தினமும் நாங்கள் சிரிப்போம். அந்தக் காலத்தில் அவர் தொண்டையைத் திறந்தால் ஆற்றுக்கு அக்கரையில் நாய் குரைக்கும்.

அறுபதை நெருங்கியதும் அந்தத் தொண்டை காலை வாரிவிட்டது. பாதிப் பெயர் கிறீச்சென்று மேலே போகும்; மீதி வெறும் காற்றாக வரும். சித்தரத்தை, அதிமதுரம், தேனில் குழைத்த மிளகு என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்தேன். மனுஷனுக்கு வாய் மணத்ததுதான் மிச்சம்.

எனக்கோ நேர்மாறு. கல்யாணமான புதிதில் நான் பேசினால் அடுப்படி தாண்டாது. ஐம்பது ஆனதும் குரல் தடித்துக் கட்டையாகிவிட்டது. ஒருநாள் வாசலில் கோழியை அதட்டினேன். அடுத்த வீட்டு ஆள் பீடியைக் கீழே போட்டுவிட்டு, “வந்துட்டேன் கங்காணி!” என்று ஓடி வந்தான். “அலமாக், நீங்களா அக்கா!” என்று அவன் அசடு வழிந்ததை நினைத்தால் இப்போதும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

அந்தச் சமயம் புதுத் துரை வந்தார். வந்த வாரமே, கடைசி வரிசையில் பெயர் கேட்காமல் சிலருக்குக் கோடு விழவில்லை. கிராணி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நாளைக்குத் துரையே பெரட்டுக்கு வராரு. கடைசி ஆளுக்குக் கேக்கலைன்னா வேற கங்காணி போட்டுடுவாராம். அப்புறம் உங்களுக்குப் புல்லு வெட்டுதான்.”

“வெட்டிட்டுப் போறேன், அதுக்கென்ன?” என்றார் இவர். சொன்னவர் அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. அந்த வயதில் வெயிலில் குனிந்து புல் வெட்டுவதா?

காலையில் துரை நாயோடு வந்து நின்றார். இவர் முதல் பெயரைக் கூப்பிட்டார். கிறீச்! பின்வரிசை இளவட்டங்கள் களுக்கென்று சிரித்தன. இரண்டாவது பெயர் வரவே இல்லை. துரை கிராணியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம்! பெண்கள் வரிசையில் நின்றபடியே அந்த இரண்டாவது பெயரை நானே கூப்பிட்டேன். கடைசி வரிசையிலிருந்து, “இருக்கேன்!” என்று பதில் வந்தது. படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

“யாரது?” என்றார் துரை.

“கங்காணி சம்சாரம், துரை,” என்றார் கிராணி.

துரை தாடையைத் தடவினார். “கூப்பிடட்டும். ஆள் நிற்குதான்னு கங்காணி பார்க்கட்டும். கடைசி வரைக்கும் சரியா வந்தா, தினமும் இப்படியே செய்யட்டும்.”

இத்தனை வருஷம் காதில் விழுந்த பெயர்கள், எனக்கு எதற்குச் செக்ரோல்? மளமளவென்று கூப்பிட்டேன். சிரித்த இளவட்டங்களின் பெயர்களைக் கொஞ்சம் அழுத்தியே கூப்பிட்டேன். கடைசிப் பெயருக்கு வந்தேன். நின்றுவிட்டேன்.

புருஷன் பெயரை எப்படி வாயால் சொல்வது? அதுவரை சொன்னதில்லை, இதோ, இதை எழுதும்போதும் சொல்லப் போவதில்லை.

“அம்மா, பேரைச் சொல்லுங்க. துரை நிக்கிறாரு.”

“உங்க வீட்டம்மா உங்க பேரைச் சொல்லுவாங்களா, கிராணி ஐயா?”

கிராணி செக்ரோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரோ தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயோ, இந்த ஒரு பெயரால் எல்லாம் கெட்டுவிடுமோ? மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினேன்.

“எங்க வீட்டுக்காரரு!”

களமே வெடித்துச் சிரித்தது. துரைகூடத் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு, பதில் வருகிறதா என்று கேட்க எல்லாரும் அடங்கினார்கள். இலையிலிருந்து பனி சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. மெலிந்துபோன அந்தக் குரலில் அவர் சொன்னார்:

“இருக்கேன்.”

கடைசி வரிசைவரை கேட்டது. கிராணி கோடு போட்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் கூப்பிட்டு அவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து தினமும் அப்படித்தான். அந்தக் கடைசி ‘இருக்கேன்’ வரும்வரை பெரட்டில் ஒருவரும் பால் வாளியைத் தூக்கியதில்லை.