பாதி விதையில் பதினான்கு வாய்: கம்பம் பள்ளத்தாக்கில் நான்கு நாள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதால்தான் இந்தப் பயணம். பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் நின்றுபோன மறுவருஷம், ஐப்பசி மாதம். மதுரையில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கையிலிருந்த பத்திரிகையை ஆட்டிக்கொண்டு, "உலகத்தில் வாய்கள் பெருகுகிற வேகத்துக்குப் பூமி சோறு போடாது ஓய்" என்று பிரசங்கம் ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற எரிச்சல் எனக்கு. "போடும்!" என்றேன். "அப்படியானால் விடுமுறை முடிகிற சனிக்கிழமை வாசகசாலையில் எழுந்து நிரூபியும்" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டிவிட்டார்கள்.

நான் பூகோள வாத்தியார். எந்த நாட்டில் எந்த நதி ஓடுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு குத்துக்கு எத்தனை நாற்று நடுகிறார்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். இரண்டு போகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பேசுவது என்று அதற்கு முந்தின வாரமே வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, போகிற இடத்தில் சோறு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு படி ரேஷன் அரிசி.

போடி ரயில் யுத்தத்தால் நின்றுவிட்டது. பஸ்தான் கதி. பெட்ரோல் இல்லாத காலமாகையால் பின்புறம் அடுப்பு கட்டிய கரிவாயு பஸ். மதுரையிலிருந்து தேனி நாற்பத்தேழு மைல், கட்டணம் பதினான்கு அணா, நேரம் ஐந்து மணி. ஆண்டிபட்டிக் கணவாயில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். "காசும் கொடுத்துத் தள்ளவும் வேண்டுமா?" என்று கேட்டேன். "சும்மா தள்ளுங்க சார், எறக்கத்துல அதுவே இழுத்துட்டுப் போயிரும்" என்றார் டிரைவர். அவர் சொன்னபடியேதான் நடந்தது. தேனியிலிருந்து கம்பம் இருபத்தைந்து மைல், எட்டு அணா. உத்தமபாளையம் தாண்டியதும் இருபுறமும் நெல் முற்றி மஞ்சளாகக் கிடந்ததைப் பார்த்து, கணக்கு வாத்தியாரே, செத்தீர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மைல் தள்ளி லோயர் கேம்ப். மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பாறையில் அது விழுந்து புரண்டு வருகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஒரு கை அள்ளிக் குடித்தேன். மனிதன் நினைத்தால் ஆற்றையே திருப்பலாம், சோறு என்ன பெரிய விஷயம் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மத்தியானம் கம்பம் திரும்பி, சுருளிப்பட்டிக்கு ஆறு அணா பேசி ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரருக்கு நான் வந்த காரியம் ஒரே வேடிக்கை. "பயிரு பாக்கவா வந்தீக? அப்ப மொதல்ல காதர் ராவுத்தர் வயலப் பாருங்க சார். நடுவுல ஆளு நடக்க வழி விட்டுல்ல நட்டிருக்காக! ஆடி மாசம் ஊரே சிரிச்சுச்சு" என்று நேரே அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அறுப்பு நடந்துகொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ராவுத்தர் வரப்புக்கு ஏறி வந்தார். ஊர் சிரித்ததாமே என்று நான் கேட்டது கொஞ்சம் மரியாதைக் குறைவுதான். அவர் கோபிக்கவில்லை.

"சிரிக்காம என்ன செய்வாக? வெதநெல்லத் தின்னவனாச்சே நான்."

விஷயம் இதுதான். அவர் மனைவி பாத்திமாவின் தம்பி யூசுப், ரங்கூனில் கடை வைத்திருந்தவர். குண்டு விழுந்ததும் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, காடும் மலையுமாக நடந்தே வந்து சேர்ந்திருக்கிறார். ஆறு பேர் இருந்த வீட்டில் பதினான்கு பேர். ஆனி மாதத்தில் ஒருநாள் வீட்டிலும் அரிசி இல்லை, கடையிலும் இல்லை. பாத்திமா விதைநெல் பானையைத் திறந்துவிட்டார். பத்து நாளில் பாதி விதை உலைக்குப் போய்விட்டது.

கஞ்சிக் கலயத்தோடு வந்த பாத்திமாவே இதை மறைக்கவில்லை. "பிள்ளைக அழுகுறப்ப வெதையென்ன, நெல்லென்ன? நாந்தான் தொறந்தேன். நாளைக்கு அழுதாலும் தொறப்பேன்" என்றார்.

பாதி விதைக்குப் பாதி நாற்றுதான் தேறும். நிலமோ அதே இரண்டு ஏக்கர். இந்தப் பக்கம் குத்துக்கு எட்டு, பத்து நாற்று சேர்த்து நெருக்கமாக நடுவது வழக்கம். ராவுத்தர் வேறு வழியில்லாமல் இரண்டு இரண்டாக, எட்ட எட்ட நடச் சொல்லியிருக்கிறார். நடவுப் பெண்களுக்குத் தலைவியான பேச்சியம்மா, "இப்படி நட்டா எங்க கையத்தான் ஊரு ஏசும்" என்று வயலில் இறங்கவே மறுத்தாராம். கெஞ்சித்தான் இறக்கியிருக்கிறார்.

"இந்த ரெண்டு ஏக்கரு எப்பவும் கூலிநெல் போக நாப்பது மூட்டை குடுக்கும்" என்றார் ராவுத்தர். "முப்பத்தஞ்சுக்குக் கொறஞ்சா மாப்ள குடும்பத்தோட மலைக்குப் போறேங்குறாரு. ஏலக்காத் தோட்டத்து வேலை. அங்கன காய்ச்சல்ல விழுந்த பிள்ளைக எந்திரிக்கிறது இல்ல சார்."

யூசுப் கதிர்க்கட்டைத் தலையில் வைத்தபடியே நின்றார். "மச்சான் வீட்டுச் சோத்த எத்தன நாளைக்குத் திங்கிறது? ரங்கூன்லருந்து நடந்து வந்தவன் நான். இந்தா இருக்க மலை ஏற மாட்டேனா?" என்றார். வீட்டு வாசலில் அவருடைய தகரப்பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்ததைச் சாயங்காலம் பார்த்தேன். லோயர் கேம்ப்பில் நிமிர்ந்த நெஞ்சு அங்கே தணிந்துவிட்டது. வாய்கள், வாய்கள் என்று பேசுகிறோமே, யூசுப்பின் கடைசிப் பெண்ணுக்கு இரண்டு வயதுகூட இல்லை.

சத்திரத்துக்குப் போக என்னை அவர்கள் விடவில்லை. என் இரண்டு படி அரிசியை நீட்டியதற்குப் பாத்திமா முறைத்த முறைப்பை மறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மேற்கே மேகம். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமென்று களத்தில் ஒரே பரபரப்பு. நானும் நாலு கட்டு அடித்தேன், உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். கட்டுகள் கனத்து விழுந்தன. திடீரென்று ஒரு கட்டைத் தூக்கிய ராவுத்தர், "ஏலே, இது என்ன சவலைப் பிள்ள மாதிரி இருக்கு? எந்த மூலைக் கட்டு?" என்றார். குனிந்து கசக்கிப் பார்த்தார். பாதி பதர்.

களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அழுதேவிட்டார்.

"அய்யா, நாந்தான் செஞ்சேன். ரெண்டு ரெண்டா நட்டது எங்கிட்டு வெளையப்போகுதுன்னு நெனச்சேன். அந்த ஈசானி மூலையிலயாவது பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு நெல்லு கெடைக்கட்டுமேன்னு, நீங்க தொழுகைக்குப் போனப்ப கொத்துக் கொத்தா நடச் சொல்லிட்டேன்."

ராவுத்தர் கட்டைக் கீழே போட்டார். "அதான் நாத்து பத்தாமப் போச்சா! கடைசி அரை ஏக்கர ஒத்த ஒத்தயா நட்டோமே, ஆத்தா, அது உன் வேலைதானா?" என்று கேட்டுவிட்டு, அந்த அரை ஏக்கர்க் கட்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஒற்றை நாற்றாய் நின்ற குத்து பக்கமெல்லாம் கிளைத்துத் தூர்கட்டிப் பரந்து, கைப்பிடிக்கு அடங்காமல் இருந்தது. கதிர் ஒவ்வொன்றும் நுனிவரை மணி. பாவப்பட்டு நெருக்கி நட்டது சவலையாகப் போயிருந்தது. பஞ்சத்துக்கு எட்ட நட்டதுதான் மணி பிடித்து நின்றது.

அளக்கத் தொடங்கினார்கள். இங்கே ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். "லாபம்" என்று ஆரம்பித்துத்தான் இரண்டு, மூன்று. கூலிநெல் கொடுத்தது போக முப்பத்தைந்தாவது மூட்டை கட்டியபோது யூசுப் களத்தை விட்டு எழுந்து போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நாற்பது தாண்டியபோது பாத்திமா அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். நாற்பத்தாறில் குவியல் தீர்ந்தது. நான் கத்திவிட்டேன். வாத்தியார் கத்துகிறாரே என்று எல்லோரும் சிரித்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐப்பசியில் அறுப்பு, ஆடியில் நடவு, இரண்டில் எப்போது போனாலும் பார்க்க இருக்கும். பஸ்ஸுக்கு மாற்று வேட்டி அவசியம், கரி அப்பிவிடும். ஜட்காவுக்கு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இரண்டு படி நெல் வாங்கி வரலாம் என்று ஆசைப்படாதீர்கள், யுத்தகாலக் கட்டுப்பாடு என்று வழியில் அதிகாரிகள் பிடுங்கிக்கொள்வார்கள். மொத்தச் செலவு எனக்கு ஐந்து ரூபாய்க்குள்.

வாசகசாலையில் "போடும்" என்றே பேசினேன். எல்லா ஊருக்கும் பெரியாறு இல்லை, எல்லா வருஷமும் மழை இல்லை, அதையும் ஒப்புக்கொண்டேன். ஆனால் பூமி இதுவரை கொடுத்ததுதான் அதனால் கொடுக்க முடிந்த அளவு என்று யார் சொன்னது? கேட்டேன். கணக்கு வாத்தியார் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பெட்டி என்னவாயிற்று என்று சொல்ல மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை நான் கிளம்பும்போது யூசுப் கயிற்றை அவிழ்த்துத் துணிமணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். பாத்திமா காலிப் பெட்டியைத் துடைத்து, தனியே எடுத்துவைத்திருந்த அந்த அரை ஏக்கர் நெல்லில் கொஞ்சத்தை அடுத்த போகத்து விதைக்காக அதில் கொட்டினார். வழக்கமாக வைக்கும் விதையில் சரிபாதி. விதைக்கு இனி வேண்டியிராத மற்றப் பாதியை எல்லோரும் பார்க்க முறத்தில் அள்ளினார். "இது இனிமே பிள்ளைகளுக்கு" என்று சொல்லிவிட்டு உரலைப் பார்த்து நடந்தார்.