நோர்வே அதுக்குள்ளை இல்லைத்தானே

என் தங்கச்சி லண்டனில் இருக்கிறாள். நான் ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிறேன். இருவரும் ஒரே நேரத்தில்தான் சமைப்போம். எனக்குப் பதினொரு மணி என்றால் அவளுக்குப் பத்து. போனை மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் வெட்டத் தொடங்குவேன். அவளுடைய வீட்டுத் தாளிதம் வெடிப்பது என் குசினியில் கேட்கும். பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டோம். என்ன கறி என்று அவள் கேட்பாள், நான் சொல்வேன். உப்புப் போட்டாயா என்று நான் கேட்பேன். சோறு வடித்து முடியும்போது போனும் வைத்தாகிவிடும்.

நான் ஆட்களோடு கதைக்கத் தெரியாதவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கே வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தேன். பிள்ளைகள் வருமுன் போய், பிள்ளைகள் வரும்போது வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். கோயிலுக்குப் போனாலும் தூணோரமாக நின்று கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டு வரிசை நீளுமுன் ரி-பானா ரயில் பிடித்து வந்துவிடுவேன். என் வாய் திறப்பது தங்கச்சியிடம் மட்டும்தான்.

அவளுடைய கணவர் நேரத்தோடு காலமாகிவிட்டார். பிள்ளைகளும் கல்யாணம் செய்து வெளியே போய்விட்டார்கள். அவளுடைய வீட்டில் மேலே பின்வளவைப் பார்த்தபடி ஓர் அறை இருக்கிறது. "கடைசிக் காலத்திலை ரெண்டு பேரும் ஒண்டாய் இருப்பம் அக்கா" என்று அவள்தான் முதலில் சொன்னாள். அந்த அறைக்குக் கட்டில் வாங்கிப் போட்டாள். ஒருமுறை அங்கே போயிருந்தபோது, நான் குளிருக்குக் கொண்டு போன சிவப்புப் போர்வையைத் திருப்பிக் கொண்டுவர விடவில்லை. அலுமாரியில் மடித்து வைத்துவிட்டு, அது அங்கே கிடந்தால்தான் இது உன் அறை என்றாள்.

அப்போது என் கணவர் நடமாடிக்கொண்டுதான் இருந்தார். பிறகு பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். அவர் இருக்கும்வரை நான் எங்கேயும் அசைய முடியாது. அதற்குப் பிறகு என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவள் அந்த அறைக்குத் திரைச்சீலை மாற்றினால் என்ன நிறம் வேண்டும் என்று என்னிடம்தான் கேட்பாள்.

அந்த நாட்களில் லண்டனுக்குக் குடிபோவது பெரிய விஷயமே இல்லை. இங்கேயிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் போயின. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று போனவர்கள் உண்டு, இனசனம் அங்கே என்று போனவர்கள் உண்டு. நோர்வே பாஸ்போர்ட் கையில் இருந்தால் விசா வேண்டாம். பெட்டியோடு போய் இறங்கி வீடு எடுத்து இருக்க வேண்டியதுதான். டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அப்படியேதான் போனார்கள். லண்டனில் முன்பே இருந்த எங்கள் சனங்கள் இப்படி வந்தவர்களுக்கு 'யூரோப் ஆக்கள்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பெயராகச் சொல்வதில்லை.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று வாக்கெடுப்பு வந்தபோது, தங்கச்சியின் குசினியிலிருந்து தாளிதத்தோடு அதுவும் வரத் தொடங்கியது. தெருவில் அவள் வீட்டுக்கு வலப்பக்க வீட்டில் 'இருப்போம்' என்றும், இடப்பக்க வீட்டில் 'விலகுவோம்' என்றும் ஜன்னலில் தாள் ஒட்டியிருக்கிறார்களாம். கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போன பெண்களே இரண்டு மேசையாகப் பிரிந்து இருந்தார்களாம். அவளுடைய மகள் இருக்க வேண்டும் என்ற பக்கம். தங்கச்சி மற்றப் பக்கம்.

அவளுக்குக் கோபம் யூரோப் ஆக்களில். அவளும் கணவரும் எத்தனை வருடம் விசாவுக்குக் காத்துக் கிடந்தார்கள், ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று தொடங்குவாள். "உவை பிளேனிலை வந்து இறங்கின அடுத்த மாதம் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்குது. எங்களுக்கு டொக்டரைப் பாக்க ரெண்டு கிழமை. வாடகையைப் பார். எல்லாம் உவை வந்துதான்."

நான் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். நானும் உவையில் ஒருத்திதானே என்று நெஞ்சுக்குள் வந்தது. அதை அப்படியே சொல்ல எனக்கு வரவில்லை. "அப்ப நான்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "உனக்கென்ன விசரே அக்கா? நோர்வே அதுக்குள்ளை இல்லைத்தானே. உனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நோர்வே ஒன்றியத்தில் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்த நாட்டுச் சனங்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

அவள் போய் விலகுவதற்கு வாக்குப் போட்டாள். அவளுடைய பக்கமே வென்றது. வெல்லும் என்று தான் நினைக்கவில்லை என்று அடுத்தநாள் சொன்னாள். குரல் கொஞ்சம் பயந்தமாதிரி இருந்தது. மகள் ஒரு கிழமை அவளுக்குப் போன் எடுக்கவில்லை.

அந்த இலையுதிர்காலம் எங்கள் கட்டடத்தில் டுக்னாட் நடந்தது. குடியிருப்பவர்கள் எல்லோரும் கூடி வளவைத் துப்புரவாக்கும் நாள். நான் விருப்பத்தோடு போவது இதற்குத்தான். கையில் விளக்குமாறு இருந்தால் யாரும் என்னைக் கதைக்கச் சொல்ல மாட்டார்கள். கீழ் வீட்டு நோர்வேக்காரக் கிழவி என்னோடு சேர்ந்து இலை அள்ளினாள். தொலைக்காட்சியில் பிரித்தானியாவைப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டு, எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகத் தன் கதையைச் சொன்னாள். இந்த நாட்டிலும் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்ததாம், ஒன்றியத்தில் சேருவதா என்று. இரண்டு முறையும் சனம் வேண்டாம் என்றுவிட்டது. இவள் சேர வேண்டும் என்று போட்டவள். வடக்கே மீன்பிடி வள்ளம் வைத்திருந்த இவளுடைய அண்ணன் வேண்டாம் என்று போட்டவன். இரண்டாம் முறை போனில் சண்டை பிடித்தார்களாம். பிறகு அண்ணன் சாகும்வரை இருவரும் கதைக்கவில்லை.

அவள் அழவில்லை. இலையைப் பையில் திணித்து வாயைக் கட்டினாள். என்ன மனசு இவர்களுக்கு என்று நான் நினைத்தேன். மறுநாள் சமைக்கும்போது தங்கச்சியிடம் இதைச் சொன்னேன்.

"வெள்ளையள் அப்பிடித்தான் அக்கா. கூடப்பிறந்ததும் ஒண்டுதான், பக்கத்து வீட்டுக்காரனும் ஒண்டுதான்" என்றாள்.

பிறகு வருடக் கணக்காக அந்த விலகல் இழுபட்டது. இன்று போகிறார்கள், நாளை போகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. நான் கவனிக்கவில்லை. எனக்கு இவரைப் பிரட்டிப் படுக்க வைப்பதும் கஞ்சி பருக்குவதுமே வேலையாக இருந்தது. ஒரு தை மாதம், பனி கொட்டிக் கிடந்த நாளில், அவர் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு மகனிடம் சொன்னேன். அவன் ஹவுகெட்டோவில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். சனிக்கிழமைகளில் வருவான். சின்னம்மாவோடு போய் இருக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு அரை நாள் எடுத்தது. அவன் கோபிப்பான் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அப்ப இந்த வருசம் முடியிறதுக்கு முதல் போங்கோ அம்மா. பிறகு ஏலாது."

நோர்வே அதற்குள் இல்லைத்தானே என்றேன்.

"இல்லைத்தான். ஆனால் நோர்வே வெளியிலை நிண்டுகொண்டு ஒன்றியத்தோடை ஒரு ஒப்பந்தம் வைச்சிருக்கு. நாங்கள் விசா இல்லாமல் லண்டனுக்குப் போனது அந்த ஒப்பந்தத்தாலைதான். பிரித்தானியா விலகேக்கை அது எங்களுக்கும் சேர்த்துப் பூட்டுப்படுது. வருசம் முடிய முதல் அங்கை போய் இருக்கத் தொடங்கினால் சரி. தை பிறந்தால் விருந்துக்குப் போகலாம், இருக்கப் போகேலாது."

மறுநாள் இதைத் தங்கச்சிக்குச் சொன்னேன். அவளுடைய பக்கத்தில் அகப்பைச் சத்தம் நின்றது. பிறகு, உன் மகனுக்கு உன்னை விட மனமில்லை, அதுதான் கதை கட்டுகிறான் என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்: ஆட்டைத்திவசம், அதுதான் முதலாம் வருடத் திவசம், முடியாமல் விளக்கெரியும் வீட்டைப் பூட்டிவிட்டு வரக் கூடாது. அது அடுத்த தையில்தான் வரும்.

அதற்குள் கொரோனா நோய் வந்து உலகம் பூட்டுப்பட்டது. ஆவணி அளவில் விமானங்கள் ஓடத் தொடங்கியபோது மகன் வந்து, போய் இருங்கள், திவசத்துக்குத் திரும்பி வரலாம் என்றான். தங்கச்சி கூடாது என்றாள். ஒருநாள் மகன் என் குசினியிலிருந்தே அவளுக்குப் போன் எடுத்தான்.

"சின்னம்மா, அம்மா உங்கை வரேலாமல் வோட்டுப் போட்டதும் நீங்கள். இப்ப திவசம் எண்டு மறிக்கிறதும் நீங்கள்."

"தம்பி, அவ்வளவு நாளும் ரி.வி.யிலை கத்தினவங்கள், ஒருத்தனெண்டாலும் நோர்வே எண்ட சொல்லைச் சொன்னவனே? எனக்கு ஆர் சொன்னது?"

"கேட்டிருக்கலாம்."

"ஆரிட்டைக் கேக்கிறது? நீ படிச்சனி, அப்ப எங்கை போனனி?"

"நீங்கள் எங்களைக் கலைக்கத்தானே போட்டனீங்கள். யூரோப் ஆக்கள் எண்டு."

தங்கச்சி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் கதை இல்லை. சனிக்கிழமைகளில் மகன் வந்தால் நான் போனைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறேன்.

நான் போகவில்லை. அவர் என் கணவர். படத்துக்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டி தூக்க எனக்கு வரவில்லை. தங்கச்சி மறித்திராவிட்டாலும் நான் போயிருப்பேனோ தெரியாது. மகன் இன்னும் அவளைத்தான் குறை சொல்கிறான். நான் அவனைத் திருத்தவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

தையில் திவசம் செய்தோம். ஐயர், மகன் குடும்பம், நான். தங்கச்சி போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை என் பேர்த்தி பிடித்திருந்தாள், மகன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதற்கு மூன்று கிழமைக்கு முன் கதவு பூட்டுப்பட்டாயிற்று.

பிறகு தங்கச்சி ஒரு வழக்கறிஞரிடம் போய்க் கேட்டாள். தமக்கையைக் கூப்பிட்டு வைத்திருப்பதென்றால், எனக்குக் குளிக்க, உடுக்க, சமைக்க ஏலாது என்று காட்ட வேண்டுமாம். நோர்வேயில் என்னைப் பார்க்க ஒரு வழியும் இல்லை என்றும் காட்ட வேண்டுமாம்.

"நோர்வேயிலை பாக்க ஆளில்லையெண்டு சொன்னால் ஆர் நம்புவான்" என்றாள்.

"நான் இன்னும் சமைக்கிறன்தானே" என்றேன்.

அன்று இருவருக்கும் கறி அடிப்பிடித்தது.

ஒரு கோடையில் விருந்துக்குப் போய் வந்தேன். விமான நிலையத்தில் ஒரு பெடியன், முகம் எங்கள் ஆள் மாதிரி, எத்தனை நாள் நிற்பாய், திரும்பிப் போக டிக்கெட் உண்டா என்று கேட்டான். காட்டினேன். மூன்று கிழமை அந்த அறையில், அந்தச் சிவப்புப் போர்வையோடு படுத்தேன். ஒரே குசினியில் இருவரும் சமைத்தால் எப்படி இருக்கும் என்று எத்தனை வருடம் நினைத்திருப்பேன். இருவரும் இடிபட்டோம். அவளுடைய அடுப்பில் எது எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குப் பிடிபடவில்லை. புறப்படும் கிழமை நான் கோப்பை கழுவப் போனேன்.

"வை அக்கா. வந்த ஆளைக் கழுவவிட்டிட்டு நான் இருக்கிறதே" என்றாள்.

அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தேன்.

கீழ் வீட்டுக் கிழவியை இப்போதும் படியில் காண்கிறேன். என் கதையைச் சொன்னால் அவளுக்கு விளங்கும். ஆனால் என் நோர்வேஜிய மொழி அவ்வளவு தூரம் போகாது. அவளும் அண்ணனும் கதையை விட்டார்கள். நானும் தங்கச்சியும் ஒருநாள் தவறாமல் கதைக்கிறோம். அந்த அறையைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

போன மாரியில் தங்கச்சி படியில் சறுக்கி முழங்காலை நோகப்பண்ணிக்கொண்டாள். வீட்டில் ஆள் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்த ஒரு பிள்ளை மேலறைக்குக் குடிவந்தாள். நல்ல பிள்ளை. மருந்தெல்லாம் நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறாளாம். சமைக்கும்போது அவளுடைய குரலும் எனக்குக் கேட்கும். "ஆன்ட்டி, போன்ல யாரு, நார்வே அக்காவா? சாப்டாங்களான்னு கேளுங்க" என்பாள். தங்கச்சி அதைக் கேட்டுச் சிரிப்பாள். அப்படி அவள் என்னோடு சிரித்துக் கனகாலம். வெளியே இருந்து வரும் ஆட்களைப் பற்றி இப்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

சில நாட்களுக்கு முன் நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி ஏதோ சொல்ல வெளிக்கிட்டு, நிறுத்தி, திரும்பவும் தொடங்கினாள்.

"அக்கா, அந்தப் பிள்ளைக்கு மேலை குளிருதாம். அலுமாரியிலை உன்ரை போர்வை கிடக்கு."

"குடு."

"உனக்கு நான் வேறையொண்டு வாங்கி வைப்பன்."

"ஏன்?" என்று கேட்டுவிட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவளுடைய குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் கத்தரிக்காயைப் பிரட்டிப் போட்டேன். கொஞ்ச நேரத்தால் குழாய் நின்றது.

"இண்டைக்கு என்ன கறி?" என்றாள்.

"கத்தரிக்காய்" என்றேன்.