உலகத்தை ஆள்பவரிடம் ஒரு லீவு

அன்று வகுப்பில் இருந்தவர்கள்: வாத்தியார், அமெரிக்காவிலிருந்து வந்த யூதர். மாணவர்கள் ஒன்பது பேர், அதில் ஒரு பெண் தமிழ். ஏணிமேல் நான். கீழே ஏணியைப் பிடித்தபடி என் ரூமில் கூட இருப்பவன், பரமக்குடிப் பக்கத்து ஆள்.

அபுதாபியில் ஒரு பல்கலைக்கழகம். நாங்கள் ஏசி மெக்கானிக்குகள். யூதர்கள்மேல் வெறுப்பு எப்படிப் பரவுகிறது என்று பாடம் நடந்தது. எனக்குப் பாதி புரிந்தது.

கீழே நின்றவன் என் காலைச் சுரண்டினான்.

"அண்ணே, இவரு யூதராம்ல. உலகமே இவுக கையிலதான்னு வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சு. நம்ம லீவைச் சொல்லிப் பாப்பமா?"

அடுத்த மாதம் அவன் தங்கைக்குக் கல்யாணம். கேட்டபோதெல்லாம் சூப்பர்வைசர் லீவு இல்லை என்றுவிட்டார்.

"வாயை மூடிட்டு ஏணியைப் பிடி" என்றேன்.

ஏணியை விட்டான். நேரே வாத்தியாரிடம் போனான்.

"சார், யூ வேர்ல்டு பாஸ். மை சூப்பர்வைசர் லீவு மாஃபி. யூ ஒன் போன், கலாஸ்."

மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது; இங்கே வந்து பழகிய அரபி. ஏணியில் நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் பலகையைக் காட்டினார். யூதர்கள் உலகத்தை ஆள்கிறார்கள் என்ற பொய்தான் அன்றைய பாடமாம். தமிழ்ப் பெண் சொன்னது. பிறகு அவர் என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னம்மா சொல்றாரு?"

"மூணு வாரமா இந்த ஏசிக்கு கம்ப்ளைன்ட் பண்றாராம் அங்கிள். வேர்ல்டு பாஸுக்கு இன்னைக்குத்தான் ஆள் வந்திருக்காம்."

அவனும் சிரித்தான்.

"ஆனா அங்கிள், இந்தப் பொய்யை நம்பித்தான் அவங்களைக் கூட்டம் கூட்டமா கொன்னாங்க. சாரோட தாத்தா வீட்ல தாத்தா மட்டும்தான் மிஞ்சினாராம்."

அவன் தொப்பியைக் கழற்றினான். "சாரி சார்" என்றான். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அப்ப லீவு?"

பாடம் முடிந்ததும் வாத்தியார் எங்களோடு சூப்பர்வைசர் அறைக்கு வந்தார். சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே "நோ சார்" என்றார்.

"பாத்தீகளாண்ணே, ஒரு சூப்பர்வைசர்கிட்டகூட இவரு பேச்சு எடுபடலை. எவன்டா அந்த வீடியோவை எடுத்தவன்!"

வாத்தியார் விடவில்லை. லீவைத் தடுப்பது யார் என்று கேட்டார். சூப்பர்வைசர் என்னைக் கைகாட்டினார். ஒரே ஷிஃப்டில் இரண்டு பேர் ஒன்றாக ஊருக்குப் போகக் கூடாது. அடுத்த மாதம் எனக்கு லீவு கொடுத்தாகிவிட்டது.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கதானாண்ணே?"

எனக்கு ஊரில் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. என் லீவை அவன் பேருக்கு மாற்றச் சொன்னேன்.

சூப்பர்வைசர் மாற்றி எழுதினார்: பதினெட்டு நாள் லீவு.