கேட்டை மறித்த கார்

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது. தெருவில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டும். அவ்வளவுதான் அகலம். ஆனால் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் அங்கே முப்பது வண்டியாவது வந்து நின்றுவிடும். வடக்கே ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் இங்கே வண்டியை விட்டுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறுவார்கள். ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் இடம் இருந்தாலும் அங்கே விட்டு நடந்துவர நேரமாகும். எங்கள் தெருவில் விட்டால் சுவரில் இருக்கிற சின்ன வழியில் நுழைந்து நேராகப் பிளாட்பாரம்.

கேட்டில் "இங்கு வண்டி நிறுத்தாதீர்" என்று பெயிண்டால் எழுதினோம். அந்த எழுத்தின்மேல் சாய்த்தே பைக்கை நிறுத்தினார்கள். பூந்தொட்டி வைத்தோம். தொட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு நிறுத்தினார்கள், பூச்செடிக்கு ஒன்றும் ஆகாதபடி ஜாக்கிரதையாக.

அந்தத் திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் திறந்தபோது ஒரு சாம்பல் நிற கார் கேட்டின் முழு அகலத்துக்கும் நின்றிருந்தது. ஒரு ஆள் குறுக்காகத் திரும்பி வெளியே போகலாம், ஸ்கூட்டர் போகாது. எனக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் வேலை. எட்டு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஹாரன் அடிக்கக்கூட வழியில்லை, அடித்தால் யாருக்குக் கேட்கப் போகிறது? உள்ளே ஆளே இல்லை.

எதிர் வீட்டு வாசலில் நாஷ்டா கடை போட்டிருக்கிற அக்கா இட்லித் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "ஒரு பெரியவரும்மா. அம்பது, அம்பத்தஞ்சு இருக்கும். வண்டிய உட்டுட்டு ரெண்டடி போனாரு, திரும்பி வந்து ஒங்க கேட்டையே பாத்துக்கினு நின்னாரு. கூப்பிடலாமான்னு கைய தூக்குனாரு. அதுக்குள்ள ட்ரெயினு ஊதிடுச்சி. ஓடிட்டாரு."

"நீ சொல்றதுதானேக்கா, இங்க உடாதீங்கன்னு?"

"எத்தினி பேருக்குத்தான் சொல்றது? சொன்னா நம்மள மொறைக்கிறானுங்க."

உள்ளே போய் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். என்ன எழுதினேன் என்பது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "உனக்கு வீடு வாசல் கிடையாதா? உன் வீட்டு வாசலில் இப்படி எவனாவது அடைத்துக்கொண்டு நின்றால்தான் உனக்குப் புத்தி வரும்." அதைக் காரின் வைப்பருக்கு அடியில் செருகினேன். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், அரை மணி நேரம் தாமதமாக உள்ளே நுழைந்து திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் திரும்பும்போதும் கார் அங்கேயே நின்றது. என் கணவருக்கு இரும்பு உருட்டாலையில் நைட் ஷிப்ட். கிளம்புகிற நேரத்தில் அவருடைய பைக்கும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, காரின் முன்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டார். புஸ் என்று இறங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "இப்ப அவனே வந்தாலும் எடுக்க முடியாதே," என்றார். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது டெலிபோன் மணி அடித்தது. பழைய காலத்து வீட்டு டெலிபோன் மணி, ட்ரிங் ட்ரிங் என்று. அரைத் தூக்கத்தில் எழுந்து, ஹாலில் முன்பு டெலிபோன் இருந்த மூலைக்கு நடந்துபோனேன். அந்த போனைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அங்கே காலண்டர்தான் தொங்கியது. மணி விடாமல் அடித்தது. சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். மகளும் எழுந்து வந்து, "யாரும்மா அது?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் தெரிந்தது, சத்தம் கேட்டுக்கு வெளியே, பூட்டிய காருக்குள்ளிருந்து வருகிறது என்று.

அன்று காலையில் எனக்குத் தெரிந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது அடித்தது. ரயிலுக்கு ஓடுகிறவர்கள் ஒரு நொடி நின்று, தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினார்கள். நாஷ்டா கடை அக்கா, "இன்னாம்மா இது, ஒரே பேஜாரு. நேத்தே ரெண்டு மூணு தபா அடிச்சிச்சி. கடை சத்தத்துல கண்டுக்கல," என்றாள்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் காரின் நம்பரைப் போனில் போட்டு விசாரித்தார். வேறு மாவட்டத்தில் யாரோ ஒருவர் கிடைத்தார். அந்தக் காரை விற்று இரண்டு வருடம் ஆகிறது, வாங்கியவர் பேர் மாற்றவில்லை, நடுவில் புரோக்கர் யாரென்றும் நினைவில்லை என்றார். கணவர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் மறுபடி ஷேர் ஆட்டோவில் போனேன். லேபில் இருக்கும்போதும் அந்த மணி கேட்பதுபோலவே இருந்தது.

சாயங்காலம் வந்தபோது தெருவில் வெயில் இறங்கிவிட்டது. அப்போதுதான் முதல்முறையாக அந்தக் காருக்குள்ளே பார்த்தேன். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் முகத்தின் ஓரத்தில் அணைத்துக்கொண்டு நெற்றியைக் கண்ணாடியில் வைத்தேன். கண்ணாடி அடுப்புச் சட்டி மாதிரி கொதித்தது. முன்னால் தொங்கிய மல்லிகைச் சரம் கறுத்துப்போய் ஒடுங்கியிருந்தது. பின் சீட்டில் குழந்தை குடிக்கிற சின்னத் தண்ணீர் பாட்டில் ஒன்று, பாதி தண்ணீருடன். கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு துண்டு, அதற்கு அடியிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு போன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது. என் முகத்துக்கு நேரே திரை எரிந்தது. அதில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: "ஊடு".

கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். வீடு கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. நேற்றிலிருந்து.

கணவரிடம் சொன்னேன். "கண்ணாடிய ஒடச்சிடலாங்க."

"ஒடச்சா நம்ம மேல கேஸு வரும். பேர் தெரியாதவன் வண்டி. உள்ள எது காணோம்னாலும் நீ எடுத்தன்னுவான்."

"அப்போ இப்பிடியே கேட்டுக்கினு இருக்கிறதா?"

அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

புதன்கிழமை லீவு போட்டேன். ஒரு யோசனை வந்திருந்தது. பேருக்குக் கீழே சின்னதாக நம்பரும் எரிந்ததைப் பார்த்திருந்தேன். அடுத்த முறை அடிக்கும்போது படித்துவிட வேண்டியதுதான். நோட்டும் பேனாவுமாகக் காரின் பக்கத்தில் போய் நின்றேன். ஆனால் இப்போது மணி அடிக்கிற இடைவெளி கூடிவிட்டது. அரை மணி நேரம் ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. நாஷ்டா கடை அக்கா ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். ஆள் இல்லாத காரின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அது அடிக்கட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ரயில் வந்தது, போனது. போகிறவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டரைக்கு அடித்தது. நெற்றியை வைத்து ஆறு எண் எழுதினேன், நின்றுவிட்டது. மிச்ச எண்கள் துண்டுக்கு அடியில் மறைந்திருந்தன. அந்தப் பக்கத்துக் கதவுக்குப் போய், சுவருக்கும் காருக்கும் நடுவில் உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றேன். பத்து மணிக்குமேல் மறுபடி அடித்தது. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது எண். கடைசி எண்ணைப் பார்க்கும்போது திரை ஒருமுறை மங்கி, கறுத்துப்போனது. மணி பாதியில் நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்தக் கடைசி எண் ஒன்றா ஏழா என்று எனக்கு நிச்சயமில்லை.

அங்கேயே நின்றபடி என் போனில் கடைசி எண்ணாக ஒன்று போட்டுப் பார்த்தேன். அப்படி நம்பர் இல்லை என்று ரெக்கார்டு குரல் சொன்னது. ஏழு போட்டேன்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் குரல், "ஏங்க, எங்க கீறீங்க?" என்றது. ரொம்பப் பக்கத்திலிருந்து பேசுவதுபோல, அந்தக் கறுத்த கண்ணாடிக்குள்ளிருந்தே பேசுவதுபோல.

 மூன்று தடவை அதையே கேட்டாள். பிறகுதான், "அம்மா, நான் கும்மிடிப்பூண்டியிலேர்ந்து பேசுறேன். ஒரு சாம்பல் கலர் கார்..." என்று தொடங்கினேன்.

மதியம் அந்த அம்மாவும் அவருடைய தம்பியும் வந்தார்கள். ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், நெல் விவசாயம். அவர் கணவர் பம்பு செட்டுக்கு ஒரு சாமான் வாங்கச் சென்னைக்குப் போனவர். எப்போதும் ஆரம்பாக்கத்திலேயே ரயில் ஏறுகிறவர், அன்று அங்கே ரயிலைத் தவறவிட்டதால் இங்கே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். திங்கள் இரவிலிருந்து புகார் கொடுத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாற்றுச் சாவியால் கதவைத் திறந்ததும் உள்ளே அடைந்திருந்த சூடு முகத்தில் அடித்தது. அந்த அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து துண்டை எடுத்து மடித்தார். டேஷ்போர்டைத் திறந்தார். பர்ஸ் அங்கேயே இருந்தது. "எதையும் எடுத்துக்கினு போவல," என்று மெதுவாகச் சொன்னார். அழவில்லை.

தம்பி சக்கரத்தைப் பார்த்து, "பஞ்சராகிகீது," என்றார். என் கணவர் உள்ளே போய்க் காலால் மிதிக்கிற பம்பைக் கொண்டுவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் காற்றடிக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா வைப்பரிலிருந்து என் தாளை உருவி எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்குப் படிக்க வராதும்மா. இது இன்னா சீட்டு, பாரு. அவரு எதுனா எழுதி வெச்சிகீறாரா?"

"இல்லம்மா. ஏதோ விளம்பரம்," என்றேன். கசக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் தகவல் கிடைத்துவிட்டது. சென்னையில் ரயிலைவிட்டு இறங்கி, படியேறும்போது விழுந்திருக்கிறார். மூளையில் ரத்தக் கசிவு. யாரோ தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பையில் டிக்கெட்டும் கார் சாவியும் கொஞ்சம் பணமும் தவிர வேறொன்றும் இல்லை, பேர் தெரியாத ஆளாகப் படுத்திருந்திருக்கிறார். புதன்கிழமை காலையில் இறந்துபோனார். எத்தனை மணிக்கு என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கருமாதிக்கு நானும் நாஷ்டா கடை அக்காவும் போனோம். போகாமல் இருக்க முடியவில்லை. கார் அவர்கள் வீட்டுப் பக்கவாட்டில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றது. அந்த அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சொன்னதாக ஒன்றைச் சொன்னார்.

"செவ்வாக்கெழமை முழுக்க வாய் ஓயலையாம். நாக்கு கொழறிப் போச்சாம், ஆனா ஒரே பேச்சு. கேட்டு... வண்டி... கேட்டு... வண்டி. அந்த நர்ஸம்மா, யாரக் கேட்டு, இன்னா கேட்டுன்னு கேட்டுக் கேட்டுப் பாத்துதாம். அதுக்கும் தலைய ஆட்டிட்டு மறுபடியும் கேட்டு, கேட்டுன்னுதாம். யாரக் கேக்கணும்னாரு, இன்னா கேக்கணும்னாருன்னு எங்களுக்குத் தெரியல. தங்கச்சி, ஒனக்கு எதுனா புரியுதா?"

 பட்டப்பகல், வெளியே சாப்பாட்டுப் பந்தி நடக்கிறது, சாம்பார் வாசனை வருகிறது. எனக்கு மட்டும் அந்த மணிச் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. "கேக்குறது இல்லம்மா. எங்க ஊட்டு கேட்டு. வண்டிய எங்க கேட்டுக்கு முன்னாடி உட்டுட்டோமேன்னு சொல்லிக்கினு இருந்திருக்காரு." பிறகு, வாய் நிற்கவில்லை, தாளில் எழுதியதையும் காற்றைப் பிடுங்கியதையும் செவ்வாய்க்கிழமை முழுதும் மணி அடித்ததைக் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனதையும் சொன்னேன்.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. "அடுத்தவங்களுக்குத் தொந்தரவுன்னா அவருக்கு ஆவாது," என்றார். எழுந்து, "வா, சாப்ட்டுட்டுப் போ," என்று என் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப்போனார். அவரே பக்கத்தில் நின்று பரிமாறச் சொன்னார். நான் இலையில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் கேட்டுக்கு முன்னால் யாரும் வண்டி நிறுத்தவில்லை. நாஷ்டா கடை அக்கா எல்லோரிடமும் சொல்லியிருப்பாள். தெருவின் இரண்டு பக்கமும் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக நிற்கும். எங்கள் கேட்டுக்கு முன்னால் மட்டும் சரியாக ஒரு காரின் நீளத்துக்கு வெறும் தரை. பைக்குகள்கூட அந்த ஓரத்தில் வந்து வளைந்து போய்விடும். எத்தனை வருடம் இந்த இடத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது ஸ்கூட்டரை அதில் இறக்கக் கூசியது. சக்கரம் எதன்மேலோ ஏறுவதுபோல இருக்கும். என் கணவர் பைக்கைச் சுவர் ஓரமாகவே தள்ளிக்கொண்டு போவார். 

இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. போன வாரம் காலையில் கேட்டைத் திறந்தால் ஒரு சிவப்பு கார் ரிவர்ஸில் வந்து, இரண்டு தடவை முன்னும் பின்னும் போய், அந்த இடத்தில் கச்சிதமாக நின்றது. ஒரு இளம் பெண் இறங்கினாள். ஊருக்குப் புதுசு போல. என்னையும் ஸ்கூட்டரையும் பார்த்து, "சாரிக்கா, ட்ரெயினு வந்துடுச்சி. எடுத்துடட்டுமா?" என்றாள்.

ரயில் ஊதிவிட்டது. அவள் ஒரு கால் காருக்குள்ளும் ஒரு கால் தெருவிலுமாக நின்றாள்.

"இருக்கட்டும், போ," என்றேன்.

அவள் ஓடினாள். நான் ஸ்கூட்டரை உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, காருக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைத் திருப்பி வெளியே வந்து, ஷேர் ஆட்டோவுக்கு நடந்தேன். பல நாளுக்குப் பிறகு கால் லேசாக இருந்தது.