பாதித் தேங்காயும் பணிசும்

என் நாற்பத்தெட்டாவது பிறந்தநாளுக்குக் கனடாவில் இருக்கும் தங்கச்சி ஒரு பரிசு அனுப்பினாள். வழக்கமாக அவள் அனுப்புவது சொக்லெட்டும், என் உடம்பைப் பற்றிய அவளுடைய பழைய நினைவுக்கு ஏற்ற அளவில் ஒரு சட்டையும். சொக்லெட்டைச் சாப்பிட்டுச் சாப்பிட்டே அந்தச் சட்டைகளுக்குள் நான் நுழையாமல் போனேன். இந்த முறை அனுப்பியது வேறு. நீர்கொழும்புப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் எனக்கும் என் பதினாறு வயது மகளுக்கும் ஒரு நாள் ஸ்பா. காலையில் போய், எண்ணெய் தேய்த்து, ஆவியில் இருந்து, மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பலாம். விபரத்தை வாசித்தபோது, இடியப்பத்துக்குச் செய்கிற வேலையைத்தான் எனக்கும் செய்யப் போகிறார்கள் என்று விளங்கியது. பிசைவது, பிழிவது, அவிப்பது.

மகள் துள்ளிக் குதித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எப்படித் தப்புவது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

ஒரு வருடத்துக்கு முன்னர் என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். அதை நான் பகிடியாலேயே சமாளித்தேன். வெற்றிடத்தை நிரப்ப நானே பஞ்சை வைத்து ஒரு பொதி தைத்தேன். முதலில் தைத்தது பேக்கரிப் பாண் மாதிரி நீண்டுவிட்டது. இரண்டாவது பணிஸ் மாதிரிச் சரியான உருண்டையாக வந்தது. அதற்குப் பணிஸ் என்றே பெயர் வைத்தேன். வெளிக்கிடும்போது கணவர் வாசலில் நின்று, "பணிஸ் எடுத்திட்டீரா?" என்று கேட்பார். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எதிர்வீட்டுக்காரர், நாங்கள் எங்கோ பேக்கரி நடத்துகிறோம் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

ஆனால் பகிடியைத்தான் எல்லோருக்கும் பகிர்ந்தேன். தழும்பை மகளுக்குக் காட்டவில்லை. அவளுக்கு உடம்பு வருகிற வயது, எனக்கு உடம்பு போகிற வயது. கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைப் பார்க்கப் பழகுகிற பிள்ளைக்கு, முடிவில் இப்படியும் ஆகலாம் என்று காட்டுவானேன்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒரே அறையில் உடுப்பு மாற்றிக்கொண்டே ஊர்க்கதை கதைப்போம். என் சாரிக்கு அவள் மடிப்புப் பிடிப்பாள், அவளுடைய சட்டையின் முதுகு ஸிப்பை நான் இழுத்து விடுவேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் அறைக் கதவைப் பூட்டத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் அவளும் தன் கதவைப் பூட்டத் தொடங்கினாள். வீடோ சின்னது. இரண்டு பூட்டிய கதவுகளுக்கு நடுவே மிஞ்சிய இடத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் கணவரும் மட்டும் நின்றார்கள்.

குளிர்சாதனப் பெட்டி என்றதும் தேங்காய் ஞாபகம் வருகிறது. மருந்து ஏற்றிய மாதங்களில் வெள்ளிக்கிழமை தோறும் அதற்குள் ஒரு பாதித் தேங்காய் வந்து உட்கார்ந்திருக்கும். முழுத் தேங்காய் அல்ல, பாதி. மகளைக் கேட்டேன்.

"ரியூசன் சேரின்ர மனிசி தந்தவ."

"வெள்ளிக்கு வெள்ளியோ? மற்றப் பாதி எங்க?"

"அது அவைக்கு."

கணிதம் படிப்பிக்கிற வீடு, எதையும் இரண்டாகப் பிரித்துத்தான் பழகியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சம்பல் இடித்தேன். அந்த நாட்களில் எதைத் தின்றாலும் வாயில் தகரத்தை நக்கின மாதிரி இருக்கும். அந்தச் சம்பல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. முகம் தெரியாத அந்த மனிசிக்கு மனதுக்குள் நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

பிறந்தநாள் வந்த வாரத்துச் சனிக்கிழமை காலை புறப்பட்டோம். கணவருக்குக் கொட்டாஞ்சேனையில் கடை. சனிக்கிழமை கடையைப் பூட்டச் சொன்னால் என்னையே பூட்டிவிட்டுப் போய்விடுவார். ஆகவே நாங்கள் இருவரும் வாடகைக் காரில். வத்தளையில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றபோது, இப்படியே பின்னேரம் வரைக்கும் நின்றுவிட்டால் நல்லது என்று வேண்டிக்கொண்டேன். கடவுள் கேட்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. மகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு வழி முழுக்க ஒரே கணக்குத்தான். இரண்டு பேருக்கும் தனித்தனி அறையென்றால் தப்பினேன். தேய்க்கிற பெண்ணுக்கு மட்டும் காட்டினால் போதும், அவள் யாரோ.

ஒரே அறைதான். இரண்டு கட்டில்கள், பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஒரு மெழுகுதிரியும், எங்கிருந்தோ புல்லாங்குழலும்.

வெள்ளைச் சீருடை போட்ட பெண்ணொருத்தி எங்களுக்கு ஆளுக்கொரு துவாய் அங்கியும் சிறிய பொதியும் தந்தாள். பொதிக்குள் கறுப்புக் காகிதத்தில் என்னவோ இருந்தது. தலைக்குப் போடுகிற தொப்பி என்று நினைத்துப் போட்டுக்கொண்டேன். காது இருக்கிற இடத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள்.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா! அது தலைக்கில்லை. கீழ போடுறது!"

"எனக்குத் தெரியும். அளவு பாத்தனான்."

அவள் சிரித்து முடிப்பதற்குள் நான் தப்பிக்க ஒரு சாட்டுத் தயாராக்கிவிட்டேன். சீருடைப் பெண்ணிடம் சிங்களத்தில் சொன்னேன்: இன்றைக்கு என் சென்ம நட்சத்திரம், எங்கள் ஆட்கள் அந்த நாளில் எண்ணெய் வைப்பதில்லை, பெரிய தோஷம், மகளுக்கு மட்டும் செய்துவிடுங்கோ, நான் வெளியில் இருந்து கடலைப் பார்க்கிறேன்.

உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இருக்கிறது. பிறந்த நட்சத்திரத்தன்று எண்ணெய் முழுக்கு ஆகாது. நல்ல நேரம், கெட்ட நேரம் என்று வந்தால் சிங்களவரும் நாங்களும் ஒரே கட்சி. நட்சத்திரம் என்ற சொல்லைக் கேட்டதுமே அந்தப் பெண் எண்ணெய்ப் போத்தலின் மூடியை இறுக்கிவிட்டாள். "பாவம், மிஸ், வேறு நாள் வைத்திருக்கலாமே" என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

மகள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அந்தப் பெண்ணிடம், கொஞ்ச நேரம் வெளியே நிற்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்கட நட்சத்திரம் அனுசம். அது திங்கக்கிழமையே போயிட்டுது. இண்டைக்குத் திருவோணம்."

நான் திகைத்துப் போனேன். கோயிலுக்கு வா என்று கூப்பிட்டால் தலையிடிக்கிறது என்று சொல்கிற பிள்ளை. பஞ்சாங்கத்துக்கும் இவளுக்கும் என்ன தொடர்பு?

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"ஐயர் கேப்பார்தானே. பேர், நட்சத்திரம்."

"எந்த ஐயர்?"

"எந்தத் தேங்காய் எண்டு கேளுங்கோ."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அருச்சனைத் தட்டு. தேங்காயை உடைத்து, பூசை முடிந்ததும் ஒரு பாதியைத் தட்டில் வைத்துத் திருப்பித் தருவார்கள்.

"அப்ப சேரின்ர மனிசி?"

"சேர் இன்னும் கலியாணமே கட்டேல்லை, அம்மா."

வெள்ளிக்கிழமைகளில் ரியூசன் முடிந்து வருகிற வழியில் கோயிலுக்குப் போய் என் பேருக்கு அருச்சனை செய்திருக்கிறாள். முதல் முறை ஐயர் நட்சத்திரம் கேட்டபோது தெரியாமல் முழித்திருக்கிறாள். அப்பாவுக்கு ஃபோன் எடுத்தால் அவருக்கும் தெரியவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்திய மனிசன், பணிஸ் மட்டும் ஞாபகம். கடைசியில் கனடாவுக்கு எடுத்துச் சித்தியைக் கேட்டிருக்கிறாள்.

"திங்கக்கிழமையும் போனனான். பிறந்த நட்சத்திரம் எண்டபடியால். நீங்கள் அந்தத் தேங்காயையும் சம்பல் இடிச்சுட்டியள்."

"அப்ப இந்த ஸ்பா?"

"சித்தி தன்ர கார்டில காசு மட்டும்தான் கட்டினவ. ஐடியா என்ர. நட்சத்திரத்தில விழாமப் பாத்துத்தான் சனிக்கிழமை எடுத்தனான். நீங்கள் இப்பிடி ஒரு சாட்டுச் சொல்லுவியள் எண்டு தெரியும்." அவள் குரல் இறங்கியது. "வீட்டில நீங்கள் எப்பவும் கதவைப் பூட்டுறியள். இஞ்ச பூட்டேலாதெண்டு நினைச்சன்."

எந்த இடத்திலும் எனக்கொரு பகிடி கிடைக்கும். மயக்க மருந்து ஏற்றுகிற நேரத்திலும் கிடைத்தது. இப்போது தேடிப் பார்த்தேன், இல்லை. காகிதத் தொப்பி இன்னும் என் தலையில் இருந்தது. அதைக் கழற்றி மடித்து வைத்தேன். நான் இவளிடமிருந்து ஒரு தழும்பை மறைத்துக்கொண்டிருந்தேன். இவள் என்னிடமிருந்து அத்தனை வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையையும் மறைத்துக்கொண்டிருந்தாள். யார் கெட்டிக்காரி என்று கேட்டால், நான் இல்லை.

அங்கியின் நாடாவை அவிழ்த்தேன்.

அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். புல்லாங்குழல் அதுபாட்டுக்கு ஓடியது.

"இவ்வளவுதானோ?" என்றாள்.

"பின்ன? வேற என்ன நினைச்சனி?"

"கிடங்கு மாதிரிக் குழிஞ்சு இருக்குமெண்டு நினைச்சன். நீங்கள் அவ்வளவு மறைச்சனீங்கள்தானே. ஒரு கோடுதானே அம்மா." கொஞ்சம் கிட்ட வந்தாள். "தொடலாமோ?"

தலையாட்டினேன். அவள் விரல் குளிர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"நோகுதோ?"

"இல்லை, குஞ்சு. அதில மரத்துப் போச்சு. நீ தொடுறதே தெரியேல்லை."

விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். "இதில?"

"இல்லை."

"இதில?"

"இல்லை."

இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "இதில?"

"ஓம்."

விரலை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "எனக்கும் வருமோ, அம்மா?"

அவள் தன் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே எதனுடன் இருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருடமாகப் பயப்படுத்தக் கூடாதென்று மறைத்து, அவளைப் பயத்தோடு தனியாக விட்டிருக்கிறேன். வராது என்று சொல்ல வாயெடுத்தேன். இன்றைக்கு ஒரு பொய் பிடிபட்டது போதும் என்று தோன்றியது.

"தெரியாது. டொக்டரிட்டப் போய்க் கேப்பம். ரெண்டு பேரும் சேந்து போவம்."

"நான் உள்ளுக்கு வரலாமோ? வெளிய கதிரையில இருத்த மாட்டீங்கள்தானே?"

"உள்ளுக்குத்தான்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். அம்மா நாள் மாறிச் சொல்லிவிட்டா, தோஷமில்லை, இடது கைப்பக்கம் மட்டும் தொட வேண்டாம், டொக்டரைக் கேட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று சிங்களத்தில் விளக்கினாள். டொக்டரையும் எனக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் என்னையும் தழும்பையும் பார்த்தாள். எண்ணெயைத் தன் உள்ளங்கையில் ஊற்றிச் சூடாக்கினாள். நான் குப்புறப் படுத்தேன். பக்கத்துக் கட்டிலில் மகள் முகத்தை என் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டு, பாடசாலையில் நடந்த ஏதோ சண்டையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். ஓய்வாக இருக்க வேண்டிய இடம், கதைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. எங்களுக்கு ஒரு வருடக் கதை பாக்கி.

திரும்பி வருகிற வழியில், வத்தளை தாண்டி களனி ஆற்றுப் பாலத்தில் கார் ஏறும்போது, சட்டை ஒரு பக்கம் தொளதொளவென்று கிடப்பதைக் கண்டேன்.

"ஐயோ, பிள்ளை. பணிசை அங்க விட்டிட்டு வந்திட்டன்."

மகள் நிமிர்ந்தாள். "டிரைவர் அண்ணையைத் திருப்பச் சொல்லட்டோ?"

யோசித்தேன். அந்த நெரிசலில் திரும்பிப் போய், அலமாரிக்குள் என்ன விட்டீர்கள் என்று கேட்கிறவர்களுக்குச் சிங்களத்தில் அதை எப்படி விளங்கப்படுத்துவது?

"வேண்டாம். வருசம் முழுக்க உழைச்சது. அதுவும் கடற்கரையில நிக்கட்டும்."

அவள் சிரித்துக்கொண்டே சரிந்து என் மேல் சாய்ந்தாள். இடது பக்கம். எலும்பு குத்துமே என்று நகரப் பார்த்தேன்.

"ஆடாதேங்கோ," என்றாள், கண்ணை மூடியபடி. "இது நல்லா இருக்கு."