மல்லாந்து கிடந்த காக்கை

மரத்தில் பறவை செய்வது என் பொழுதுபோக்கு. அலுவலகம் இல்லாத நாட்களில் கேளம்பாக்கம் குடியிருப்பின் மொட்டை மாடிதான் என் பட்டறை. மீன்கொத்தி, நாரை, பூநாரை என்று முட்டுக்காடு பக்கம் பார்த்ததையெல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கியாயிற்று. யாரும் குறை சொன்னதில்லை. அந்தப் பறவைகளை யாரும் அருகில் பார்த்ததில்லை என்பதுதான் காரணம். அது தெரியாமல் கர்வம் தலைக்கேறி, தினமும் எல்லோரும் பார்க்கிற காக்கையில் கை வைத்தேன்.

இரண்டு மாதம் பிடித்தது. ஒவ்வோர் இறகின் கோட்டையும் சூடான கம்பி முனையால் இழுத்து, கறுப்புக்குள் நீலமும் ஊதாவும் தடவி, கழுத்துக்குச் சாம்பல் ஏற்றினேன். கம்பிக் கால்களைக் கடைசியில்தான் பொருத்துவேன். முன்பே வைத்தால் கைபட்டு வளைந்துவிடும். அதனால் கால் இல்லாத காக்கையை மாடிச் சுவரின்மேல் மல்லாத்திக் காயவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஊர்க் காக்கையெல்லாம் அங்கே கூடி, செத்துப்போன உறவுக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தன. மரக் காக்கையை எடுத்துக்கொண்டு ஓடிய என் தலையில் இரண்டு கொத்தின. வலித்தது. ஆனாலும் அப்படியொரு சந்தோஷம். அன்று முழுக்க வீட்டில் என்னைப் பிடிக்க முடியவில்லை.

எங்களுக்கு மேல்தளத்தில் செய்யூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். மறுநாள் அவர் கணவருக்கு முதல் வருஷத் தெவசம். மாடியில் இலை போட்டு, சோறும் வடையும் வைத்து, கா கா என்று நெடுநேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காக்கைகூட எட்டிப்பார்க்கவில்லை. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. மகனும் பேரப்பிள்ளைகளும் பசியோடு கீழே காத்திருந்தார்கள்.

“மணி ரெண்டாவுது தம்பி. ஆஸ்பத்திரில வடை கேட்டாரு. டாக்டர் வேணான்னுட்டாரு, நானும் குடுக்கல. அந்தக் கோவம் இன்னும் போவல போல கீது” என்றார். கண் கலங்கியிருந்தது.

என் கர்வம் அங்கேயே இறங்கிவிட்டது. போனவர்மேல் பழி விழுகிறது, செய்த வேலையோ என்னுடையது. ஓடிப்போய் மரக் காக்கையைக் கொண்டுவந்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் செஞ்சிகீற. இத மல்லாக்கப் போட்டா எது வரும்? கால வச்சி நிக்க வையி. பொழச்சிகிச்சின்னு நெனச்சிகினு வரட்டும்.”

உடனே ஒட்டுகிற பசையால் கால்களை ஒட்டினேன். ஒன்று கொஞ்சம் கோணலாகிவிட்டது. இலைக்குப் பக்கத்தில் நிறுத்தியதும், “நீ மறைஞ்சிக்க. உன்னப் பாத்தா மறுபடி கொத்தும்” என்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன்.

கால்மணி நேரம் கழித்து ஒரு காக்கை வந்தது. மரக் காக்கையை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கோணல் காலைக் கொத்திப் பார்த்தது. பிறகு இலைப் பக்கம் திரும்பி, சோற்றைத் தொடாமல் வடையைக் கவ்வியது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மெதுவா துன்னுங்க. இன்னும் ரெண்டு கீது.”